இறங்குகிற விமானங்கள் மட்டும்

அன்புள்ள சாமு,

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நீ என்னை அழைத்துவந்து வீட்டில் விட்டுப்போன நாளுக்குப் பிறகு நாம் போனில் பலமுறை பேசிவிட்டோம். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, கேஸ் சிலிண்டர் வந்துச்சா என்று நீ கேட்டாய். ஆமாம், ஆமாம், வந்துச்சு என்று நான் சொன்னேன். அந்த நாளைப் பற்றி மட்டும் நீயும் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நாளில் நீயும் ஷீபாவும் குழந்தையும் ஆஸ்திரேலியா கிளம்பிவிடுவீர்கள். அதற்குள் நேரில் உட்கார்ந்து பேசிவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நீ வரும்போதெல்லாம் கையில் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறாய். நின்றுகொண்டிருப்பவனிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? அதனால் எழுதுகிறேன். அறுபதைத் தாண்டிய ஒருத்தி கையில் கேமராவோடு விமான நிலையத்தைச் சுற்றி ஏன் அலைந்தாள் என்று நீ என்னை இதுவரை கேட்டதில்லை. "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று மட்டும் கேட்டாய். அது கேள்வி இல்லை, சாமு. பதிலை எதிர்பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை.

நீ முதன்முதலாக அமெரிக்கா போன நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். தொண்ணூறுகளின் கடைசி. அப்பா இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மதியம் பம்பாய் விமானம், அங்கிருந்து வெளிநாட்டு விமானம். செங்கல்பட்டிலிருந்து உன் பெரிய பெட்டிகளோடு மின்சார ரயிலில்தான் போனோம், ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று நீ ஒருமுறை கையை ஆட்டினாய். அப்புறம் கூட்டம் மறைத்துவிட்டது. நான் சுரங்கப்பாதை வழியாக எதிரே இருக்கிற திரிசூலம் ஸ்டேஷனுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். செங்கல்பட்டு வண்டி வந்தது, ஏறவில்லை. உன் விமானம் கிளம்புவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு ஆசை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உறுமல் கேட்டது, ஒரு விமானம் எழும்பியது. எழுந்து நின்று கை காட்டினேன். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அது இல்லையோ, இதுதானோ என்று இதற்கும் காட்டினேன். அப்புறம் இன்னொன்று வந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள், "யாரு போறாங்க?" என்றாள். "என் பையன்" என்றேன். "எதுல போறாரு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளை எதில் போகிறான் என்றே தெரியாமல், பறக்கிறதற்கெல்லாம் கையாட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை. கூடையைத் தள்ளிவைத்து எனக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்தாள்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். மதுராந்தகம் ஏரிக்குக் கீழே பிறத்தியார் வயலில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்தில், நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, நெல் மண்டிக்காரரை மெட்ராஸோடும், கல்பாக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கிற பிள்ளைகளைத் திருநெல்வேலியில் இருக்கிற தாய்மார்களோடும் சேர்த்துவைத்தவள். "பேசுங்க, லைன்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்வேன். இருக்கிற இடத்தில் இருந்தபடியே யார் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கும். பிறகு எல்லோரும் தாங்களே நம்பரைச் சுழற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் போர்டில் அழைப்பு விளக்கு எரிவது குறைந்து குறைந்து, பிற்பகலில் நாங்கள் நாலு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். விருப்ப ஓய்வு கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு நம் வீட்டு போன் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும்தான் அடிக்கும். நீதான். போன் கார்டில் காசு தீர்ந்துவிடும் என்று அவசரமாகப் பேசுவாய். மற்ற நாட்களில் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, லைன் உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வைப்பேன்.

ஒரு தடவை நீ வந்தபோது அந்த டிஜிட்டல் கேமராவைக் கொடுத்தாய். "வீட்டை எடுத்து மெயில்ல அனுப்பும்மா, பாக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாய். நீ போன மறுநாளே எடுத்தேன். வாசல், கூடம், அப்பாவின் படம், உன் மேஜை, பின்பக்கத்துக் கொய்யா மரம். ஒரு மத்தியானத்தில் வீடு தீர்ந்துவிட்டது. மறுநாள் எழுந்து பார்த்தால் எல்லாம் அதே இடத்தில் அப்படியே இருக்கிறது. நான் ஒருத்தி மட்டும் இருக்கிற வீட்டில் என்ன மாறும்? அந்த வாரம் வியாழக்கிழமை கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறித் திரிசூலத்தில் இறங்கினேன். ஏன் என்று அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

நடைமேம்பாலத்தின் மேல் நின்று எடுக்கப் பார்த்தேன். ஒரு ரயில்வே போலீஸ்காரர் வந்து, "மேடம், இங்க போட்டோ எடுக்கக் கூடாது, கெளம்புங்க" என்றார். சரி என்று அடுத்த வாரம் பல்லாவரத்தில் இறங்கி மலைமேல் ஏறினேன். மூச்சு வாங்கியது. மேலே போய்ப் பார்த்தால் ஓடுபாதை முழுக்க விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடக்கிறது, ஆனால் விமானங்கள் தீப்பெட்டி அளவில் இருக்கின்றன, வெயிலில் காற்று நெளிந்து படமெல்லாம் கலங்கல். பம்மல் பக்கம் போனேன், வீடுகள் மறைத்தன. ஆற்றங்கரையோரம் போனேன், நாய்கள் விடவில்லை. கடைசியில் குன்றத்தூர் பஸ் பிடித்து, அங்கிருந்து போரூர் பஸ்ஸில் கெருகம்பாக்கத்தில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கொளப்பாக்கம் ரோட்டுக்கு வந்தேன். முதல் நாள் காலையில் போய் நின்றேன். ஒன்றுகூடத் தலைக்கு மேல் வரவில்லை. எல்லாம் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து இறங்கி, என் பக்கமாக எழும்பி உயரே போய்விட்டன. அலுத்துப்போய்க் கிளம்பும் நேரத்தில் முகத்தில் கடல்காற்று பட்டது. கொஞ்ச நேரத்தில், மேற்கே மாங்காட்டுப் பக்கம் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. பெரிதாகிக்கொண்டே நேராக என்னைப் பார்த்து வந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்கு எதிர்முகமாகத்தான் விமானம் இறங்கும் என்று பிறகு புரிந்துகொண்டேன். கோடையில் மத்தியானத்துக்கு மேல் போக வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று அடிப்பதால் காலையிலேயே போகலாம். மழை பெய்து வெளுத்த மறுநாள் வானம் கழுவிவிட்டது போல இருக்கும். விமானம் வரும் வழிக்குத் தெற்கே நின்றால் வெயில் முதுகில் விழும், படம் பளிச்சென்று வரும். அந்தக் கேமரா அழுத்தினவுடன் எடுக்காது, ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். அதனால் முதலில் எனக்குக் கிடைத்ததெல்லாம் வால்தான். ஒற்றைப் பனைமரத்துக்கு நேரே வரும்போதே அழுத்திவிட வேண்டும் என்று பழகியபின்தான் முழு விமானம் சட்டத்துக்குள் வந்தது.

அந்தப் பனைமரத்துக்குப் பக்கத்து ஓட்டு வீடுதான் தேசம்மாவுடையது. இரண்டு எருமை வைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். முதல் நாள் ரொம்ப நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னாமே, யாரத் தேடிகினு நிக்கற?" என்றாள்.

"யாரையும் தேடல. ஏரோப்ளேன் பாக்க வந்தேன்" என்றேன்.

"அத்தப் பாக்க இம்மாந்தூரம் வந்தியா? இது போடற கூச்சல்ல எருமை பால உள்ள இழுத்துக்குது. நீ இன்னாடான்னா பஸ்ஸு ஏறி வந்து பாத்துகினு நிக்கற!"

என் அம்மாகூட என்னை அப்படித் திட்டியதில்லை. ஆனால் திட்டி முடித்துவிட்டு, வெயிலில் நிற்காதே என்று தன் வீட்டுப் படிக்கட்டில் உட்காரச் சொன்னாள். அடுத்த வாரம் போனபோது, "வந்துட்டா ஏரோப்ளேன்காரி" என்றாள். அப்புறம் வியாழக்கிழமை என்றாலே எனக்கு மோர் எடுத்துவைக்க ஆரம்பித்தாள். விமானங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது, பெரிசு, சின்னது அவ்வளவுதான். எங்களுக்குள் எல்லாவற்றுக்கும் சண்டை. மோரில் உப்பு அதிகம் என்பேன், "அப்ப உன் வூட்டுலயே குடி" என்பாள். நான் எடுத்த படத்தைச் சின்னத் திரையில் காட்டினால், "என் எருமைய எடுத்திருந்தா லட்சணமா இருந்திருக்கும்" என்பாள். எக்ஸ்சேஞ்சை விட்டபின் என்னோடு சண்டை போட ஒரு ஆள் கிடைத்தது அவள்தான், சாமு. தனியாக இருப்பவர்களுக்கு எல்லோரும் ஆறுதல் சொல்லத் தயாராக இருக்கிறார்கள். சண்டை போட ஒருவரும் வருவதில்லை.

முதலில் கிளம்புகிற விமானங்களையும் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். இறங்குகிற விமானம் ஒன்று. வயிறு, சக்கரங்கள், அதற்கு மேலே வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒரு ஜன்னலில் வெள்ளையாக ஏதோ இருந்தது. முகமோ, தலையணையோ, வெயில் பட்டதோ தெரியாது. யாரோ ஒருவன் பனைமரத்தையும் எருமையையும் பார்த்துவிட்டு, "ஊரு வந்தாச்சு" என்று நினைத்திருப்பான். விமான நிலையத்தில் அவனுக்காக யாரோ தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அன்றிலிருந்து கிளம்புகிற விமானங்களை எடுப்பதை விட்டுவிட்டேன். வருகிறதை மட்டும்தான் எடுத்தேன். முதல் படத்தை உனக்கு அனுப்பினேன். "நைஸ் மா" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. பிறகு இன்னும் சில அனுப்பினேன். அவற்றுக்குப் பதில் வரவில்லை. வேலை நெருக்கடி என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அனுப்பவில்லை, எடுத்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பிறகு நீயே வந்துவிட்டாய். சிறுசேரியில் வேலை, பழைய மாமல்லபுரம் ரோட்டில் பதினோராவது மாடியில் வீடு. "அதான் நான் வந்துட்டேனேம்மா, இனிமே எதுக்கு அங்க போற?" என்றாய். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வியாழக்கிழமை போகாமல் இருந்தேன். நீ மாதத்தில் ஒரு ஞாயிறு வந்தாய். சிறுசேரிக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் திருப்போரூர் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் உனக்கு ஆபீஸ், ராத்திரி கான்ஃபரன்ஸ் கால், குழந்தைக்குக் காய்ச்சல், ஷீபாவுக்கும் வேலை. குறை சொல்லவில்லை, ராஜா. நீ அமெரிக்காவில் இருந்தபோது நீ வராததற்கு நடுவில் ஒரு கடல் இருந்தது. பக்கத்தில் வந்தபின் அந்தக் கடலும் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். மூன்றாவது வியாழக்கிழமை ரயிலேறிவிட்டேன். "இன்னாமே, செத்துட்டியோன்னு நெனச்சேன்" என்றாள் தேசம்மா. அவள் கண் கலங்கியிருந்தது. எருமை வாலால் அடித்துவிட்டது என்றாள்.

இனி அந்த நாள். விமான நிலையத்தைச் சுற்றிப் பாதுகாப்பை இறுக்கியிருந்த நேரம் அது. எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் என்னை யார் என்ன செய்யப்போகிறார்கள் என்றுதான் போயிருப்பேன். ஜீப் வந்தது. இளம் வயது எஸ்.ஐ. ஒருவர் கேமராவை வாங்கிப் பார்த்தார். விமானம், விமானம், விமானம். "யாருக்காகம்மா எடுக்கறீங்க? எதுக்கு எடுக்கறீங்க?" என்றார். ஜீப்பில் ஏறச் சொன்னார்கள். தேசம்மா சாணிக் கையோடு ஓடிவந்து, "எங்க வூட்டாண்ட குந்திகினு கீற பொம்பள சார் அது! அத்த இட்டுகினு போறதுன்னா என்னையும் இட்டுகினு போ!" என்று என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஸ்டேஷனில் மரியாதையாகத்தான் நடத்தினார்கள், நாற்காலி கொடுத்தார்கள். பென்ஷன் அடையாள அட்டையைக் காட்டினேன். பையன் நம்பரைக் கேட்டார்கள், கொடுத்தேன்.

நீ ஆபீஸ் அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டபடியே வந்தாய். முகமெல்லாம் வேர்த்திருந்தது. என்னைப் பார்க்காமல் நேரே எஸ்.ஐ. மேஜைக்குப் போனாய். உன் குரல் மெதுவாகத்தான் இருந்தது. ஆனால் குரலைக் கேட்டுக்கேட்டே முப்பது வருஷம் பிழைத்தவள் நான். "அப்பா போனதுலேர்ந்து அம்மாவுக்கு மனசு சரியில்ல சார். என்ன பண்றோம்னு அவங்களுக்கே தெரியாது. நான்தான் பாத்துக்கணும், தப்பு என் பேர்லதான்" என்றாய். அவர் உடனே இளகிவிட்டார். "கூட யாராவது இருக்கணும் சார்" என்று உனக்குப் புத்திமதி சொன்னார். படங்களை அழித்துவிட்டுக் கேமராவை உன் கையில் கொடுத்தார், என் கையில் இல்லை. என் பக்கத்து நாற்காலியில் தேசம்மா உட்கார்ந்திருந்தாள். நீ சொன்னதை அவளும் கேட்டாள். மெல்ல என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நீ பார்க்கவில்லை.

என்னை வெளியே கொண்டுவருவதற்காகத்தான் அப்படிச் சொன்னாய். அது எனக்குத் தெரியும். வேறு எதைச் சொல்லியிருந்தாலும் இன்னும் நேரம் ஆகியிருக்கும். ஆனால் ஒன்று சொல்கிறேன், உன் மகளை வளர்க்கப்போகிறவன் என்பதால் சொல்கிறேன். ஒருவரைப் பற்றி அடுத்தவரிடம் பேசும்போது, அவர் காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறாரா என்று பார். அவர் சிநேகிதி காதில் விழுகிற தூரத்தில் இருக்கிறாளா என்றும் பார்.

அடுத்த சனிக்கிழமை நீ என்னைக் கடற்கரை ரோட்டில் கூட்டிப்போனாய். முட்டுக்காடு பாலத்தில் காரை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தாய். கோவளம் தாண்டி, மாமல்லபுரத்துக்கு முன்னால், வயதானவர்களுக்கென்று கட்டியிருக்கிற அந்தக் குடியிருப்பைக் காட்டினாய். சுத்தமான இடம். நர்ஸ் இருக்கிறாள், மூன்று வேளையும் சாப்பாடு, பால்கனியில் நின்றால் கடல். வரிசையாக நாற்காலி போட்டு எல்லோரும் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசிக்கொள்ளவில்லை. வெகு உயரத்தில் ஒரு விமானம் கடலுக்கு மேல் போயிற்று, விரல்நகம் அளவு. "இங்கேர்ந்தும் பாக்கலாம்மா" என்றாய். நீ அன்பாகத்தான் சொன்னாய். தலையாட்டினேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். அது சம்மதம் இல்லை, சாமு. நான் அங்கே போகப்போவதில்லை. செங்கல்பட்டிலேயே இருந்துகொள்கிறேன். இதை நீ கிளம்புவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

போன வியாழக்கிழமை கொளப்பாக்கம் போனேன். கேமரா உன்னிடம் இருக்கிறது, வெறும் கையோடுதான் போனேன். தேசம்மா என்னைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மெதுவா வாக்கா, வண்டி வருது பாரு" என்றாள். அக்கா! இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவள் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. படிக்கட்டில் துணி விரித்து உட்காரவைத்தாள். மோர் கொடுத்தாள். வேண்டுமென்றே, "உப்பு ஜாஸ்தி" என்றேன். "அப்டியாக்கா? இரு, வேற கொண்டாறேன்" என்று உள்ளே போனாள். தலைக்கு மேல் பெரிய விமானம் ஒன்று, ஓடு அதிர, இறங்கிப் போயிற்று. அவள் திட்டவில்லை. குழந்தைக்குக் காட்டுவது போல, "அதோ பாரு, உன் ஏரோப்ளேன்" என்று கையை நீட்டிக் காட்டினாள். கிளம்பும்போது பஸ் ஏற்றிவிட்டு, கண்டக்டரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் நான் இறங்குகிற வரைக்கும் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அப்பா போனபோதுகூட அப்படி அழவில்லை. நான் அவளிடம் எத்தனை சொன்னாலும் எடுபடாது, சாமு. மனசு சரியில்லாதவள், மனசு சரியாக இருக்கிறது என்றுதானே சொல்வாள்?

கேமராவைத் திருப்பிக் கொடு என்று கேட்கவில்லை. உன் மகளுக்கு வைத்துக்கொள். நீ கிளம்புகிற அன்று விமான நிலையத்துக்கு நான் வரவேண்டும் என்றும் இல்லை. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வருகிற வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு கொளப்பாக்கத்துக்கு வா. கார் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டுப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார். கொடுக்கிற மோரைக் குடி. அப்புறம் அவள் முகத்தைப் பார்த்து, "எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்காங்க. அன்னிக்கி போலீஸ்கிட்ட நான் சும்மா சொன்னேன்" என்று சொல். நீ சொன்னால் நம்புவாள். முதலில் உன்னைத் திட்டுவாள், வாங்கிக்கொள். அப்புறம் என்னைத் திட்டுவாள். அதற்குப் பிறகு நீ எத்தனை தூரம் வேண்டுமானாலும் போய்வா, ராஜா. நான் இருந்துகொள்வேன்.

உன் அம்மா